நாற்பது பிள்ளைகளும் நாலு மீட்டர் கேரட் பாத்தியும்

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளைத் தோட்டம் பார்க்கக் கூட்டிப்போகலாம் என்று பேச்சு எழுந்ததும் ஆசிரியர் அறையில் முதலில் வருவது வண்டிக் கணக்குதான். எந்த பஸ், தலைக்கு எவ்வளவு, மதியச் சாப்பாடு எங்கே என்று பேசிக்கொண்டே போவோம். அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எந்தத் தோட்டத்தில் எந்தப் பாத்தி, அது எந்த வாரம் அறுவடைக்கு வரும் என்பது முடிவாகாமல் தேதியே குறிக்கக் கூடாது. பிள்ளைகள் தங்கள் கையால் ஒன்றையாவது மண்ணிலிருந்து எடுக்காவிட்டால் அது பூங்கா சுற்றிவந்த கணக்கில்தான் சேரும்.

நீலகிரிப் பிள்ளைகளுக்கு இது கூடுதலாகவே பொருந்தும். தேயிலையையும் படிமட்டத் தோட்டத்தையும் இவர்கள் பள்ளிக்கு வரும் வழியிலேயே பார்க்கிறார்கள். சிலரின் அம்மாவோ அப்பாவோ விடியுமுன்பே நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு கேரட் அறுவடைக்குப் போகிறவர்கள். 'இதுதான் தோட்டம், பார்த்துக்கொள்ளுங்கள்' என்று இவர்களுக்குக் காட்ட ஒன்றும் இல்லை. அப்படிப்பட்ட பிள்ளை வகுப்பில் இருந்து, அதற்கே பேச விருப்பமும் இருந்தால், எப்படிப் பிடுங்குவது என்று அதையே செய்துகாட்டச் சொல்லலாம். நம்மைவிடச் சரியாகச் சொல்லும்.

எந்தப் பயிர் என்றால், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கேரட்டை மிஞ்ச எதுவும் இல்லை. மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாது, சின்னக் கைக்கு அடங்கும், பிடுங்கியதும் முழுசாக வந்துவிடும். அடுத்த இடம் உருளைக்கிழங்குக்கு. அதில் ஓர் எச்சரிக்கை உண்டு: செடியில் சின்னப் பச்சைத் தக்காளி போலக் காய் தொங்கும், அது நச்சு. வெயில் பட்டுப் பச்சை நிறமாகிப்போன கிழங்கும் சாப்பிட ஆகாது. இதைத் தோட்டத்துக்குள் நுழையும் முன்பே சொல்லிவிட வேண்டும். கோஸை ஒருவர் நெடுக்காக வெட்டிக் காட்டினால் போதும். தண்டைச் சுற்றி இலைகள் மடிந்து கிடக்கும் அடுக்கு தெரியும். தேயிலை பார்க்க அழகு. ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளிய ஐந்தாவது நிமிடம் சலித்துவிடும், மழைக்காலமாக இருந்தால் அட்டை வேறு. பழனி மலைப் பக்கம் பூம்பாறை, மன்னவனூர் சுற்று வட்டாரம் என்றால் பூண்டு நல்ல தேர்வு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் காரத்தைப் பற்றி வீட்டில் பாட்டியிடம் கேட்டுவரச் சொன்னால் அதுவே ஒரு வீட்டுப்பாடம்.

மாதக் கணக்குக்கு வருவோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, உதகை, கூடலூர் பக்கம் விடாமல் அடிக்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும், சாலையில் மண் சரியும். டிசம்பர், ஜனவரியில் பள்ளத்தாக்கில் உறைபனி; காலை பத்து மணி வரை புல்லும் மண்ணும் சில்லிட்டு ஈரமாக இருக்கும். ஏப்ரல், மேயில் சீசன் கூட்டம், வண்டி நகராது. இவற்றுக்கு நடுவில் வசதியானது பொங்கல் கழிந்து பிப்ரவரி முடிய. மலையில் கேரட் விதைத்து முதிர ஏறக்குறைய 100 முதல் 110 நாள் ஆகும். ஆகவே பிப்ரவரி நடுவில் போக வேண்டுமானால் நவம்பர் முதல் வாரத்தில் விதைத்த பாத்தி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். கேத்தி பாலாடா, முத்தோரை பாலாடா, நஞ்சநாடு பக்கம் விசாரித்தால் கிடைக்காமல் போகாது.

அரசுப் பண்ணையா, தனியார் தோட்டமா என்ற கேள்வி எப்போதும் வரும். பர்லியார் தோட்டக்கலைப் பண்ணை, சாண்டிநல்லா செம்மறி ஆராய்ச்சி நிலையம், கொடைக்கானலிலிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் மன்னவனூர் செம்மறி, முயல் ஆராய்ச்சிப் பண்ணை என்று நல்ல இடங்கள் இருக்கின்றன. முன்கூட்டியே கடிதம் கொடுத்து அனுமதி வாங்கினால் விளக்கிச் சொல்ல ஆள் கிடைப்பார்கள். ஆனால் அங்கே எதையும் பிடுங்க முடியாது, தொடுவதற்கும் வரம்பு உண்டு. நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு அது சரி. ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு ஹட்டியில் (படுகர் ஊரில்) யாராவது தெரிந்தவரின் அரை ஏக்கர் தோட்டம் எவ்வளவோ மேல்.

தோட்டக்காரரிடம் பேசும்போது பணத்தை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். பிள்ளைகள் பிடுங்கும் கேரட்டுக்கு அன்றைய மேட்டுப்பாளையம் மண்டி விலை, அதற்கு மேல் அவருடைய அரை நாள் வேலைக்கு ஒரு தொகை. 'குழந்தைகள்தானே, சும்மா வாங்க' என்பார். சும்மா போனால் அடுத்த வருடம் போனை எடுக்கத் தயங்குவார். கணக்கும் பெரிதாக வராது. தலைக்கு இரண்டு கேரட் என்றால் நாற்பது பேருக்கு எண்பது, எடை சுமார் எட்டு கிலோ. ஒரு மீட்டர் அகலப் பாத்தியில் வரிசைக்கு 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்தால் மீட்டருக்கு முப்பது செடி. உடைவது, பொடியாக இருப்பது எல்லாம் சேர்த்து நாலு மீட்டர் நீளம் கேளுங்கள்.

ஒரு வாரம் முன்பு ஓர் ஆசிரியராவது நேரில் போய்வந்தே ஆக வேண்டும். போனில் 'எல்லாம் இருக்கு டீச்சர்' என்பதை நம்ப வேண்டாம். பார்க்க வேண்டியவை: பஸ் எதுவரை போகும், அங்கே திரும்ப இடம் உண்டா, இறங்கிய இடத்திலிருந்து பாத்தி வரை எத்தனை படி, ஓரத்தில் கல்கட்டு சரிந்திருக்கிறதா, சோலார் வேலி எங்கே ஓடுகிறது, கிணறோ தண்ணீர்க் குட்டையோ திறந்து கிடக்கிறதா, செல்போன் சிக்னல் எந்த மூலையில் கிடைக்கிறது. பள்ளத்தாக்குத் தோட்டங்களில் கீழே சிக்னலே இருக்காது, 108ஐக் கூப்பிட மேலே ரோட்டுக்குத்தான் ஏற வேண்டும். கடைசியாக மருந்து எப்போது அடித்தது, என்ன மருந்து, அதை அடித்த பிறகு அறுவடைக்குக் காத்திருக்க வேண்டிய காலம் எத்தனை நாள் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த நாள் கழியாத பாத்தி என்றால் வேறு பாத்தி, இல்லாவிட்டால் வேறு தேதி. பக்கத்துப் பாத்தியில் அன்று காலை மருந்து அடிக்க மாட்டோம் என்றும் சொல்லி வாங்கிவிட வேண்டும். கோழி எரு புதிதாகக் கொட்டியிருந்தால் ஈ மொய்க்கும். அதற்குப் பக்கத்தில் சாப்பாட்டுக்கு உட்கார முடியாது.

கழிப்பறைதான் பலர் மறக்கும் இடம். தோட்டத்தில் ஒன்று இருந்தால் அதிர்ஷ்டம். ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம் என்றாலும் நாற்பது பேருக்கு எண்பது நிமிடம். பயணத்தில் பாதி நேரம் வரிசையில் போய்விடும். அருகிலுள்ள ஊராட்சி ஒன்றியப் பள்ளித் தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லி, போகும்போதும் வரும்போதும் அங்கே நிறுத்துவது எளிய வழி.

வட்டாரக் கல்வி அலுவலருக்குக் கடிதம், பெற்றோர் சம்மதம், வண்டியின் எஃப்சி (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் நகல் ஆகியவை வழக்கம்போல. சம்மதப் படிவத்தில் நாலு கேள்வி மட்டும் சேருங்கள்: மூச்சிரைப்பு உண்டா, தேனீ கொட்டினால் வீங்குமா, வண்டியில் வாந்தி வருமா, தினசரி மருந்து ஏதும் உண்டா. சமவெளியிலிருந்து வரும் பள்ளி என்றால் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது, பார்த்துக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மலையில் தடை. எல்லோர் கையிலும் எவர்சில்வர் பாட்டில்தான்.

வாந்திக்கு வருவோம். பூரி, பால், வயிறு முட்டச் சாப்பாடு ஆகிய மூன்றும் கொண்டை ஊசி வளைவில் வெளியே வந்துவிடும். வெறும் வயிறும் ஆகாது. இரண்டு இட்லி, கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு. வாந்தி வரும் என்று எழுதிக்கொடுத்த பிள்ளைகள் முன் சீட்டில், சன்னலோரம். வண்டி ஓடும்போது படம் வரைவது, புத்தகம் பார்ப்பது வேண்டாம், பாட்டுப் பாடட்டும். காகிதப் பையும் ஒரு டப்பா மரத்தூளும் டிரைவர் பக்கத்தில் இருக்கட்டும். ஒருவர் எடுத்தால் நாற்றத்திலேயே மூன்று பேர் தொடர்வார்கள். மரத்தூளைக் கொட்டி மூடிவிட்டால் அது அங்கேயே நின்றுவிடும்.

பிள்ளைகளுக்குப் பழைய ஷூ. செருப்புப் போட்டுக்கொண்டு படிமட்டத்தில் இறங்கினால் வழுக்கும். மாற்று சாக்ஸ் ஒரு ஜோடி, ஸ்வெட்டர், தொப்பி. குளிர்தானே என்று தொப்பியை விட்டுவிடுவார்கள், ஆனால் இந்த உயரத்தில் வெயில் மூக்கையும் கன்னத்தையும் கருக்கிவிடும். குடை வேண்டாம், பக்கத்துப் பிள்ளையின் கண்ணைக் குத்தும். ரெயின்கோட் போதும்.

பெரியவர்கள் கணக்கு: ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு ஆறு பிள்ளைக்கு ஒருவர், மேல் வகுப்புக்கு எட்டுப் பேருக்கு ஒருவர். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அம்மாக்களைக் கூப்பிட்டால் வருவார்கள். தம் பிள்ளை இருக்கும் குழுவை அவர்களிடம் கொடுக்காதீர்கள். அந்தப் பிள்ளை இடுப்பை விட்டு இறங்காது.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் நடக்கும் முதல் தவறு எப்போதும் ஒன்றே. நேற்று விதைத்த பாத்தி பார்வைக்கு வெறும் மண். பிள்ளைகளுக்கு அது ஓடி விளையாடக் காலியிடம். நாற்பது ஜோடிக் கால் ஏறி இறங்கினால் விதை நசுங்கி, மண் இறுகி, அந்தப் பாத்தி போயிற்று. முதல் நாளே சணல் கயிறு கட்டி, நடக்கும் வழி இது மட்டும்தான் என்று அடையாளம் வைக்கச் சொல்லுங்கள். படிமட்டத்தின் விளிம்பில் யாரும் நிற்கக் கூடாது. ஈர மண் விளிம்போடு சரியும். ஓரங்களில் தொட்டால் அரிக்கும் காஞ்சொறிச் செடி இருக்கிறதா என்று ஒருவர் முன்னால் போய்ப் பார்க்க வேண்டும். பட்டுவிட்டால் தேய்க்க விடாதீர்கள். பிளாஸ்திரியை ஒட்டி உரித்தால் சுணை வந்துவிடும், பிறகு தண்ணீரில் கழுவலாம். அட்டை ஏறினால் பிடித்து இழுக்காமல் நகத்தை அதன் வாய்ப்பக்கம் வைத்துத் தள்ள வேண்டும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, உறையவிடாத பொருளை அது செலுத்திவிடுகிறது. பஞ்சை அழுத்திப் பிடித்தால் போதும், பயப்பட ஒன்றுமில்லை.

இனி பாத்தி. முதல் நாள் மாலை தண்ணீர் பாய்ச்சி வைக்கச் சொல்லியிருக்க வேண்டும். காய்ந்த மண்ணில் பிள்ளை இழுத்தால் தழை மட்டும் கையோடு வந்துவிடும், கேரட் உள்ளேயே நிற்கும், அழுகை வரும். அன்று காலை தோட்டக்காரர் வரிசையை ஒட்டிக் கொத்தால் லேசாக நெம்பிவிட்டால் இன்னும் நல்லது. நாலு மீட்டர் பாத்திக்கு இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு, ஒரு முறைக்கு எட்டுப் பிள்ளைகள்தான். குந்தி உட்காரட்டும். முதலில் தழையை விலக்கி, மண்ணுக்கு மேல் எட்டிப்பார்க்கும் கேரட்டின் தலையை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் அகலத்துக்கு மேல் இருந்தால் எடுக்கலாம். தழையின் நுனியில் பிடிக்கக் கூடாது. கேரட்டோடு சேரும் அடித்தண்டை முழுக் கையால் பிடித்து, முதலில் கீழே ஓர் அழுத்து, பிறகு திருகு, பிறகு நேராக மேலே. பக்கவாட்டில் இழுத்தால் பாதியில் முறியும். மண்ணை விட்டு வரும்போது ஒரு சின்னச் சத்தம் வரும். அதைக் கேட்டதும் அடுத்ததற்குக் கை போய்விடும், இரண்டோடு நிறுத்துவது உங்கள் வேலை.

தோட்டக்காரர்கள் பெருமைக்கு நல்ல கேரட்டையே காட்டுவார்கள். கழித்துப்போட்டதை எடுத்துவைக்கச் சொல்லி முன்பே கேளுங்கள், பாடம் அதில்தான் இருக்கிறது. இரண்டு கால் முளைத்த கேரட்: வேர் நுனி கல்லில் முட்டியதாலோ, மக்காத எருவாலோ, மண்ணில் வாழும் நுண்ணிய நூற்புழுவாலோ கிளைத்தது. தோள் பச்சையானது: மண் மூடாமல் வெயில் பட்டது. நெடுக வெடித்தது: நாள்கணக்கில் காயவிட்டுத் திடீரென்று தண்ணீர் பாய்ச்சியது. பென்சில் போல மெலிந்தது: நெருக்கமாக முளைத்ததைக் கலைத்துவிடாதது. நாலையும் ஒரு சாக்கின் மேல் பரப்பி, 'இதுக்கு என்ன ஆச்சு?' என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். மூன்றாம் வகுப்புக்கு இதுவே இருபது நிமிடம் ஓடும். தோட்டக்காரரின் உரை ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

ஒரு குழு பாத்தியில் இருக்கும்போது மற்றவர்களுக்கு இரண்டு வேலை போதும், ஏழெட்டு ஏற்பாடு செய்து எதையும் முடிக்காமல் வர வேண்டாம். ஒன்று எடை: தொங்குதராசில் தழையோடு ஒரு முறை, தழை நீக்கி ஒரு முறை நிறுத்து, வித்தியாசத்தையும் விலையையும் கணக்குப் போடுவது. இன்னொன்று மாடு. நாலு நாலு பேராகத்தான், மாட்டின் தோள்பட்டைப் பக்கமிருந்து, அது பார்க்கும்படி போக வேண்டும். பின்னால் போகக் கூடாது; பசு பக்கவாட்டிலும் உதைக்கும் என்பது பலருக்குத் தெரியாது. கன்று ஈன்ற மாடு என்றால் அந்தக் கொட்டகைக்கே போக வேண்டாம். கறந்த பாலைக் காய்ச்சாமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது, வீட்டுக்காரர் எவ்வளவு அன்போடு நீட்டினாலும்.

மாட்டைத் தொட்ட கைக்கும் மண் அளைந்த கைக்கும் சோப்பும் ஓடும் தண்ணீரும்தான். சானிடைசர் சேறு படிந்த கையில் வேலை செய்யாது, சாணத்தில் வரும் சில கிருமிகளை அது கொல்வதும் இல்லை. ஒரு கைக்கழுவலுக்கு அரை லிட்டர், இரண்டு தடவை, நாற்பது பேர் என்றால் 40 லிட்டர். குழாய் வைத்த 20 லிட்டர் கேன் இரண்டு. ஒரே குழாய் என்றால் ஆளுக்கு நாற்பது நொடி வைத்தாலும் அரை மணி நேரம் போகும், மூன்று குழாய் இருந்தால் பத்து நிமிடத்தில் முடியும். சோப்பைப் பழைய சாக்ஸுக்குள் போட்டுக் குழாயில் கட்டிவிடுங்கள், மண்ணில் விழாது.

பிடுங்கிய கேரட்டை அங்கேயே கடிக்க எல்லோருக்கும் ஆசை வரும். ஓடைத் தண்ணீரில் கழுவிக் கொடுக்காதீர்கள். குடிதண்ணீரில் இரண்டு முறை கழுவி, தோலைச் சீவி, நீளவாக்கில் விரல் விரலாக நறுக்கிக் கொடுக்கலாம். வட்டமாக நறுக்கினால் சின்னப் பிள்ளைக்குத் தொண்டையில் அடைக்கும். உருளைக்கிழங்கு வேகவைத்துக் கொடுக்கலாம் என்று நினைத்தால் குக்கர் எடுத்துப்போங்கள். உதகை உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் கிழங்கு வேகும் வரை பிள்ளைகள் பொறுக்க மாட்டார்கள்.

பிற்பகல் ஒன்றரைக்கு வண்டி ஏறிவிட வேண்டும். மூன்று மணிக்கு மேல் பனிமூட்டம் இறங்கும், காட்டெருமையும் தோட்டத்து ஓரம் வரத் தொடங்கும்.

ஏறும் முன் ஷூவைக் கழுவியாக வேண்டும். இது பஸ் சுத்தத்துக்காக அல்ல. உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு இந்தியாவில் முதன்முதலில் 1961இல் உதகையில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் முட்டைக்கூடு கண்ணுக்குக் குண்டூசித் தலையைவிடச் சின்னது. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கில் முட்டை, கிழங்கே பயிரிடாவிட்டாலும் மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். மண் ஒட்டிய கருவி, சாக்கு, விதைக்கிழங்கு, செருப்பு இவற்றில் ஏறித்தான் தோட்டம் விட்டுத் தோட்டம் போகிறது. நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கு வெளியே போகக் கட்டுப்பாடு வந்ததும் இதனால்தான். ஒரே நாளில் இரண்டு தோட்டம் போகும் திட்டத்தை நாங்கள் ஒத்துக்கொள்ளாததற்கு இதுவே காரணம். ஒரு பிரஷ், ஒரு பக்கெட் தண்ணீர், ஒரு குச்சி. ஷூ அடிப்பள்ளத்தில் இருக்கும் மண்ணைக் குச்சியால் நோண்டி அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். ஏன் என்று சொன்னால் பிள்ளைகள் பெரியவர்களைவிட ஒழுங்காகச் செய்வார்கள், டிரைவரின் செருப்பைக்கூட விட மாட்டார்கள்.

மண் எடுத்துவந்து ஜாடியில் கரைத்துப் பார்க்கும் பாடம் செய்ய வேண்டுமானால் பள்ளித் தோட்டத்து மண்ணே போதும். ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், குலுக்கி வைத்தால் மணல் சில நிமிடத்தில் அடியில் படியும், களிமண் மறுநாள் வரை மிதந்து மெதுவாக இறங்கும்.

கொண்டுவந்த கேரட்டில் ஒன்றிரண்டை மண் போக நன்றாகக் கழுவி, தழையை இரண்டு விரல் அளவு விட்டு நறுக்கி, ஓர் அடி ஆழத் தொட்டியில் முழுசாக நட்டுவையுங்கள். தலையை மட்டும் வெட்டித் தட்டில் தண்ணீரில் வைத்தால் தழை வரும், கேரட் வராது. அதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். முழுசாக நட்டது மலைக் குளிரில் சில மாதத்தில் தண்டு விட்டுக் குடை போல வெள்ளைப் பூ எடுக்க வாய்ப்பு உண்டு. கேரட் முதல் பருவத்தில் வேரில் சேர்த்துவைத்து அடுத்த பருவத்தில் பூக்கும் செடி. பெரும்பாலும் இது கெடுவது மே மாத விடுமுறையில், தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல். பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை யார் என்று பார்த்து, ஏப்ரல் கடைசி நாளில் தொட்டியை அந்த வீட்டில் ஒப்படைத்துவிடுங்கள்.